எங்கள் பெயரைச் சொல்லி அவர்களை அவசரப்படுத்தாதீர்கள்: ரயில் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

ரயில் சேவைகளை இயக்கும் நிர்வாகங்களின் உயர் அலுவலர்களுக்கும், கட்டுப்பாட்டு அறைகளில் பொறுப்பு வகிப்போருக்கும்,

வணக்கம்.

ரயில் பாதையில் உள்ள கருவி ஒன்று பழுதாகிச் சேவை தடைபடும் நாள்களில், உங்களுக்கு வந்து குவியும் செய்திகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: ரயில் எப்போது ஓடும்? அன்றாடம் ரயிலில் வேலைக்குப் போய்த் திரும்புகிற நானும் அந்தக் கேள்வியைக் கேட்பவன்தான். அதைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அது உங்கள் மேசையிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கும், அங்கிருந்து நிலைய அலுவலருக்கும், அவரிடமிருந்து பாதையோரம் மண்டியிட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் சிக்னல் பணியாளருக்கும் கைமாறிச் செல்லும் வழியில் கேள்வி என்ற நிலையை இழந்து, கட்டளையாக மாறிவிடுகிறது. "பயணிகள் காத்திருக்கிறார்கள், சீக்கிரம்" என்று அவரிடம் சொல்லப்படுகிறது. அந்த வாக்கியத்தை எங்கள் பெயரில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

ரயில் நின்றுவிட்டது என்றால் ஏதோ கெட்டுவிட்டது என்றுதான் பயணிகளாகிய நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். அது உண்மையில் பாதிதான். கருவி கெட்டிருக்கலாம், ஆனால் கருவி கெட்டால் ரயிலை நிறுத்தும் ஏற்பாடு கெடவில்லை என்பதற்கும் அந்த நிறுத்தமே சான்று. 1872இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட் இந்த நோக்கத்தோடுதான் உருவானது. இரண்டு தண்டவாளங்களின் வழியாகவும் குறைந்த அழுத்த மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மின்சாரம் மறுமுனையில் உள்ள ரிலே என்னும் மின்காந்த சுவிட்ச் ஒன்றைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் அந்தப் பகுதிக்குள் நுழைந்ததும் அதன் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்து மின்சாரத்தைத் திருப்பிவிட, ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். இதில் என் மதிப்புக்குரிய அம்சம் அடுத்து வருவது. கம்பி அறுந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும், பல நேரங்களில் தண்டவாளம் விரிசல் கண்டு துண்டானாலும் அதே ரிலே அதே போல் விழும். ரயில் இருக்கிறதா, கோளாறு இருக்கிறதா என்று அந்தக் கருவிக்குப் பிரித்தறியத் தெரியாது. ஐயம் எழுந்தால் நிறுத்து என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஒன்றரை நூற்றாண்டாக ரயில் பயணத்தின் பாதுகாப்பு பெருமளவுக்கு இந்த எளிய நேர்மையின் மீதுதான் நிற்கிறது.

எனவே, மழை நாளில் தண்டவாளத்தைத் தாங்கும் ஜல்லிக்கிடையே சேறு சேர்ந்து மின்சாரம் தரைக்குள் கசிந்து, ரயிலே இல்லாத பாதையில் ரயில் இருப்பதாக அந்தக் கருவி சொன்னால், அது பொய் சொல்லவில்லை. தன்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று சொல்கிறது. இரு தண்டவாளத் துண்டுகளை மின்சாரம் கடக்காதபடி பிரிக்கும் காப்பு இணைப்பில் இரும்புத்தூள் படிந்தாலும் இதே நிலைதான். சக்கர அச்சுகளை எண்ணும் ஆக்சில் கவுன்டர்களும் அப்படியே: உள்ளே சென்ற அச்சுகளின் எண்ணிக்கையும் வெளியே வந்தவற்றின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால், யாரேனும் பாதை காலியாக இருப்பதை உறுதிசெய்து முறைப்படி அதை மீட்டமைக்கும்வரை, அது அந்தப் பாதையைத் திறந்துவிடாது. மீட்டமைத்த பிறகும் முதல் ரயிலை மெதுவாக, எச்சரிக்கையோடு அனுப்பிப் பார்ப்பதே வழக்கம். இந்த இடங்களில் ஏற்படும் தாமதத்தை நான் குறையாகச் சொல்லப்போவதில்லை.

ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் பாயிண்டின் பழுது இவை எல்லாவற்றையும்விடக் கண்ணால் பார்க்கத்தக்கது. ஒருமுறை நிலையத்துக்கு வெளியே ரயில் நின்றபோது, என் ஜன்னலுக்கு நேர் கீழேயே பாயிண்ட் ஒன்று பழுது பார்க்கப்பட்டது. மோட்டார் ஓடும் ஓசை கேட்டது, கூர்மையாகச் சீவப்பட்ட நாக்குத் தண்டவாளம் நகர்ந்து வந்து பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டப்போகும் நேரத்தில் நின்றுவிட்டது, மீண்டும் பின்வாங்கியது. பணியாளர் ஒருவர் முழங்காலிட்டு, ஒரு கையில் பிடித்த சிறு தட்டையான இரும்புத் துண்டை அந்த இடைவெளிக்குள் செருகிப் பார்த்தார். பிறகு விரல்களால் தடவி, பழைய மசகோடு ஒட்டிக் கிடந்த ஜல்லிச் சில்லு ஒன்றைச் சுரண்டி எடுத்தார். அத்தோடு அவர் எழுந்துவிடவில்லை. மறுபடியும் மோட்டாரை ஓடவிட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பலமுறை நகர்த்தி, ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்து, மீண்டும் அந்த இரும்புத் துண்டை வைத்துச் சோதித்தார். பெட்டிக்குள் இருந்த பலருக்கு அது வீண் தாமதமாகத் தெரிந்தது. கல்லைத்தான் எடுத்தாயிற்றே, இன்னும் என்ன என்று ஒருவர் குரல் உயர்த்திக் கேட்டார்.

இன்னும் என்ன என்பதற்கு விடை உண்டு. நாக்குத் தண்டவாளத்துக்கும் அது ஒட்ட வேண்டிய தண்டவாளத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் பாயிண்ட் பூட்டப்படக் கூடாது, சிக்னல் ரயிலுக்கு வழிவிடக் கூடாது என்பது விதி. தடையை வைத்துப் பார்க்கும்போது கருவி பூட்ட மறுக்க வேண்டும். தடை இல்லாதபோது பூட்ட வேண்டும். இரண்டும் நடக்கிறதா என்று பார்த்த பின்பே பழுது தீர்ந்ததாகப் பொருள். அந்தப் பணியாளரின் சட்டைப்பையில் இருந்த கைப்பேசி அந்த நேரம் முழுவதும் ஒலித்துக்கொண்டே இருந்தது. இரண்டு முறை எடுத்துப் பேசினார். பிறகு எடுக்கவில்லை. அவர் எடுக்காமல் விட்டதற்காக நான் இன்றும் அவருக்கு நன்றியுடையவன். அந்த அழைப்புகள் வேண்டாம் என்றுதான் இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. உங்கள் பயிற்சிப் பள்ளிகளில் இவை பாடமாகவே இருக்கும். ஆனாலும் பயணிகளும் படிக்கும் மடல் என்பதால் எழுதுகிறேன். 1988 டிசம்பர் 12 அன்று காலையில் லண்டன் கிளாப்பம் சந்திப்பு அருகே, முன்னால் ஒரு ரயில் நின்றிருந்தும் அதன் பின்னால் இருந்த சிக்னல் சிவப்பைக் காட்டத் தவறியது. பின்னால் வந்த ரயில் மோதியது. எதிர்த்திசையில் வந்த மற்றொரு ரயிலும் இடிபாடுகளில் மோதியது. 35 பேர் இறந்தார்கள். காரணம் ஒரு பழைய கம்பி. சிக்னல் இணைப்புகளைப் புதுப்பிக்கும் பணியில், இனித் தேவையில்லாத அந்தக் கம்பியின் ஒரு முனை கழற்றப்பட்டது. ஆனால் அது வெட்டிக் குறைக்கப்படவும் இல்லை, விலக்கிக் கட்டப்படவும் இல்லை. மறுமுனை இணைப்பிலேயே இருந்தது. இரண்டு வாரங்களுக்குப் பிறகு அதே ரிலே அறையில் நடந்த வேறொரு வேலையின்போது அது அசைந்து, தான் முன்பு இருந்த இடத்தையே மீண்டும் தொட்டது. இல்லாத மின்சாரம் ரிலேவுக்குக் கிடைத்தது. ரிலே விழ வேண்டிய நேரத்தில் விழவில்லை.

ஆண்டனி ஹிடன் தலைமையில் நடந்த விசாரணை அந்தக் கம்பியோடு நின்றுவிடவில்லை. அந்த வேலையைச் செய்த தொழில்நுட்பர் அதற்கு முந்தைய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பில் இருந்தார் என்பதை அது வெளிக்கொணர்ந்தது. வேலை முடிந்ததும் வேறொருவர் வந்து கம்பிகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்ற நடைமுறை பின்பற்றப்படவில்லை என்பதையும் சொன்னது. அந்தத் தொழில்நுட்பரின் வேலைப்பழக்கம் அன்றைக்குப் புதிதாக வந்ததல்ல. பல ஆண்டுகளாக யாரும் திருத்தாமல் விட்டிருந்தார்கள். 93 பரிந்துரைகளை அந்த அறிக்கை முன்வைத்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: கம்பிகளை எண்ணிப் பார்க்கத் தேவைப்பட்ட சில நிமிடங்களுக்காக அன்றைய ரயில்கள் தாமதமாகியிருந்தால், அந்தத் தாமதத்துக்காகவும் எங்களைப் போன்ற பயணிகள் கோபப்பட்டிருப்பார்கள். எதிலிருந்து தப்பினோம் என்பதே தெரியாமல் கோபப்பட்டிருப்பார்கள்.

நமக்கு அருகில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2023 ஜூன் 2 மாலை, சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு ரயிலுக்கு, ஒடிசாவின் பாஹாநாகா பஜார் நிலையத்தில் பிரதான பாதைக்கான பச்சை விளக்கு காட்டப்பட்டது; ஆனால் பாயிண்ட் பக்கத்துக் கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் அது மோதியது. தடம் புரண்ட பெட்டிகள் எதிர்த்திசையில் சென்ற இன்னொரு பயணிகள் ரயிலையும் தாக்கின. 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முன்னர் ஒரு காலத்தில் சிக்னல் சுற்றில் செய்யப்பட்ட மாற்றத்தில் இருந்த குறைபாடும், அன்றைய தினம் லெவல் கிராசிங் கேட்டின் மின்சாரத் தடுப்புக் கம்பத்தை மாற்றும் பணியில் நேர்ந்த தவறும் சேர்ந்தே விபத்துக்குக் காரணமாயின என்று ரயில் பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை கூறியது. ஒரு தடுப்புக் கம்பத்தை மாற்றும் வேலை. வெளியிலிருந்து பார்க்கிற எவருக்கும் அது ரயிலின் உயிரோடு தொடர்புடையதாகத் தோன்றாது. சிக்னல் கருவிகளில் சிறிய வேலை என்று ஒன்று கிடையாது என்பதை அந்த மாலைக்குப் பிறகு எந்த நிர்வாகமும் மறக்க முடியாது.

மூன்றாவதாக நான் நினைவுபடுத்த விரும்புவது, தற்காலிகமாகத் தோன்றி மறையும் கோளாறுகளைப் பற்றியது. தண்டவாளக் கருவிகளில் மிகுந்த தொல்லை தருபவை இவைதாம். காலையில் சிக்னல் சிவப்பிலேயே நின்றுவிடும்; பணியாளர் போய்ச் சேர்வதற்குள் தானாகச் சரியாகிவிடும்; சோதித்தபோது சரியாக இருந்தது என்று பதிவேட்டில் எழுதிப் பக்கம் மூடப்படும். மறுநாளோ மறுவாரமோ அதே இடத்தில் மீண்டும் வரும். 2009 ஜூன் 22 அன்று வாஷிங்டன் மெட்ரோவின் ஃபோர்ட் டாட்டன் நிலையம் அருகே 9 பேர் இறந்த விபத்தில், டிராக் சர்க்யூட் ஒன்று தன் மீது நின்றிருந்த ரயிலையே காணத் தவறியது. அந்தச் சுற்றின் பாகம் ஒன்று 5 நாள்களுக்கு முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்கத்தக்க மேம்பட்ட சோதனை முறை ஒன்று, 2005இல் நூலிழையில் தவிர்க்கப்பட்ட ஒரு மோதலுக்குப் பிறகு அந்த நிர்வாகத்திலேயே உருவாக்கப்பட்டிருந்தது. ஆனால் அது நடைமுறையாக நிலைபெறவில்லை. கட்டுப்பாட்டு மையத்தில் இத்தகைய எச்சரிக்கைகள் ஏராளமாக வந்துகொண்டே இருந்ததால், அவை எச்சரிக்கைகளாகவே கருதப்படாத நிலை உருவாகியிருந்தது. இங்கே கருவியின் பிழையோடு, அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன கண்களின் பிழையும் சேர்ந்தது.

இவ்வளவும் சொன்னபின், பாதையில் இறங்கி வேலை செய்பவர்களின் உயிரைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. 2016 மார்ச் 22 அன்று சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் நிலையம் அருகே, பாதையோரக் கருவியிலிருந்து வந்த எச்சரிக்கையை ஆராய ஒரு குழு ஒற்றை வரிசையில் பாதை ஓரமாக நடந்து சென்றது. ரயில்கள் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பகுதியில் ரயில் நுழையாமல் தடுப்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு முறையாகச் செய்யப்படாத நிலையில் ரயில் வந்தது. இரண்டு இளம் பணியாளர்கள் இறந்துபோனார்கள். சேவை தடைபடாமல் பழுதைப் பார்த்துவிட வேண்டும் என்ற நினைப்பு எவ்வளவு இயல்பானது, எவ்வளவு ஆபத்தானது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. ரயில்களை நிறுத்திவிட்டு அவர்களை இறக்குங்கள். அதனால் நாங்கள் அலுவலகத்துக்குப் பிந்திப்போவோம், போகிறோம்.

நீங்கள் இதற்குச் சொல்லக்கூடிய மறுமொழியை அறிவேன். ரயில் நெடுநேரம் நின்றால் அதுவும் ஆபத்துதான். நிலையங்களுக்கிடையே சிக்கிய ரயிலில் மூச்சுத்திணறும், முதியோர் மயங்குவார்கள், பொறுமை இழந்தவர்கள் கதவைத் திறந்து பாதையில் குதிப்பார்கள், பக்கத்துப் பாதையில் ரயில் வரும், சில இடங்களில் மின்சாரம் பாயும் தண்டவாளமே காலுக்கடியில் இருக்கும். முற்றிலும் உண்மை. ஆகவே வேகம் எங்கே வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும் என்கிறேன். சிக்கிய பயணிகளை நடைமேடைக்குக் கொண்டுசேர்ப்பதில் எவ்வளவு விரைவு காட்ட முடியுமோ அவ்வளவும் காட்டுங்கள். பழுது ஏற்பட்டதும் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, எந்தெந்த ரயில்கள் நிலையங்களுக்கு வெளியே நிற்கின்றன, அவற்றை விதிப்படி எச்சரிக்கையோடு மெதுவாக முன்னேயோ பின்னேயோ நகர்த்தி நடைமேடையில் சேர்க்க முடியுமா என்பதே. பின்னால் வருகிற ரயில்களை முந்தைய நிலையங்களிலேயே நிறுத்திவைப்பது அடுத்தது. இந்த இரண்டும் செய்யப்பட்டுவிட்டால், பாதையோரத்தில் இருப்பவர் மீது சுமத்த வேண்டிய அவசரம் என்று பெரிதாக எதுவும் மீதமிருக்காது. பல இடங்களில் இந்த இரண்டும் சுணங்குவதால்தான் அந்தச் சுணக்கத்தின் பாரம் முழுவதும் அவருடைய ஸ்பேனரின் மீது இறங்குகிறது.

எங்களுக்குச் சொல்லப்படும் செய்தி குறித்து உங்களிடம் எனக்கு வருத்தம் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். தண்டவாளக் கோளாறு காரணமாகச் சேவை தாமதமாகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று பதிவுசெய்யப்பட்ட குரல் திரும்பத் திரும்ப ஒலிப்பதால் பயணிக்கு எந்தப் பயனும் இல்லை. அவர் முடிவெடுக்க வேண்டும்: காத்திருப்பதா, பேருந்துக்குப் போவதா, வீடு திரும்புவதா, மருத்துவரிடம் வாங்கிய நேரத்தைத் தள்ளிவைக்கச் சொல்வதா என்று. அதற்கு அவருக்குத் தேவையானவை மிகச் சில. எந்த இடத்தில் என்ன பழுது. பணியாளர்கள் அந்த இடத்தை அடைந்துவிட்டார்களா இல்லையா. பழுது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதா, இன்னும் தேடப்படுகிறதா. அடுத்த செய்தி எத்தனை மணிக்குச் சொல்லப்படும். பழுது எதுவென்றே தெரியாத கட்டத்தில் இன்னும் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்று அறிவிப்பது ஆறுதல்போல் தோன்றினாலும், அது அந்தப் பணியாளரைக் கேட்காமலேயே அவர் சார்பில் கொடுக்கப்பட்ட வாக்கு. அந்த வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பு பிறகு அவர் தலையில்தான் விழுகிறது. இன்னும் தெரியவில்லை, கால் மணி நேரத்தில் மீண்டும் சொல்கிறோம் என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் சொல்லுங்கள். மக்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் அப்படிச் சொல்லப்பட்ட ஓரிரு தடவைகளில் நடைமேடையில் இருந்தவர்கள் முணுமுணுத்தபடியே எனினும் அமைதியாகக் கலைந்துபோனதைக் கண்டிருக்கிறேன்.

வேலைக்குத் தாமதமாகச் சென்றவர் அதற்குச் சான்று காட்ட வேண்டியிருக்கும். ஜப்பானிய ரயில் நிறுவனங்கள் ரயில் தாமதமானதற்குச் சான்றுச் சீட்டு வழங்குவதைப் பல ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிமுறைப்படி, தாமதம் ஒரு மணி நேரத்தை எட்டினால் கட்டணத்தில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரத்தை எட்டினால் 50 விழுக்காடும் பயணிக்குத் திரும்பக் கிடைக்கும்; சில விதிவிலக்குகள் உண்டு. இத்தகைய ஏற்பாடுகள் பயணியின் கோபத்தைக் குறைக்கும் என்பதற்காக மட்டும் நான் இவற்றைச் சொல்லவில்லை. தாமதத்தின் செலவு நிர்வாகத்தின் கணக்கில் ஏறும்போதுதான் பராமரிப்புக்கு ஒதுக்கும் பணம் வீண் செலவாகத் தோன்றாது. அதே வேளையில், அந்த இழப்பீட்டுக் கணக்கைப் பழுது பார்ப்பவரின் முன் நீட்டி அவரை விரட்டவும் கூடாது. இது எளிதான சமநிலை அன்று என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அதைத் தேடிப் பிடிப்பதுதான் உங்கள் பதவியின் வேலை.

பராமரிப்பைப் பற்றி இனி. 2002 மே 10 அன்று இங்கிலாந்தின் பாட்டர்ஸ் பார் நிலையத்தில் பாயிண்ட் சிதைந்து ரயில் தடம் புரண்டு 7 பேர் இறந்தனர். ஐந்தே ஆண்டுகளில், 2007 பிப்ரவரி 23 அன்று, அதே நாட்டின் கிரேரிக் என்னுமிடத்தில் இன்னொரு பாயிண்ட் அதே போலச் சிதைந்தது. ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். கிரேரிக்கில் அந்தப் பாயிண்டைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டிய நாள் பிப்ரவரி 18. அந்தச் சோதனை நடக்கவில்லை. பார்த்திருந்தால் தளர்ந்து உடைந்துகொண்டிருந்த இணைப்புத் தண்டுகள் தெரிந்திருக்கும்.

ஒரு சோதனை ஏன் நடக்காமல் போகிறது என்பதை ஆள் ஒருவரின் சோம்பலாக எழுதிவிட்டால் விவகாரம் முடிந்துவிடும். பெரும்பாலும் அது அப்படி இருப்பதில்லை. பாதையில் ரயில் இல்லாத நேரம் இருந்தால்தான் சோதிக்க முடியும். கால அட்டவணையில் புதிய ரயில்கள் சேரச் சேர, இரவுநேர ஓட்டம் நீள நீள, லைன் பிளாக் என்று பணியாளர்கள் கேட்டுப் பெறும் அந்த நேரம் தேய்ந்துகொண்டே வருகிறது. மூன்று மணி நேரம் கேட்டால் ஒன்றரை மணி நேரம் தரப்படுகிறது. அதிலும் கருவிகளைச் சுமந்துகொண்டு இடத்துக்குப் போய்ச் சேரவும், மின்சாரத்தைத் துண்டித்து உறுதிப்படுத்தவும், முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் பாதை காலி என்று கையெழுத்திடவும் போக, கையில் மிஞ்சுவது எவ்வளவு? புதிய ரயில் அறிமுகமாகும்போது கொடியசைக்க எல்லோரும் வருகிறார்கள். அதே அட்டவணையில் அந்தப் பாதையின் பராமரிப்புக்கு எந்த நேரம் ஒதுக்கப்பட்டது என்று கேட்பவர் இல்லை. பயணிகள் சார்பில் நான் கேட்கிறேன். வாரத்தில் ஓரிரவு கடைசி ரயில் ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டாலும், ஞாயிறு காலை முதல் ரயில் தாமதமாகத் தொடங்கினாலும், அது எதற்காக என்று சொல்லிவிட்டுச் செய்தால் நாங்கள் எங்கள் பயணத்தை மாற்றிக்கொள்வோம். காலை எட்டரை மணிக்கு நடுவழியில் நிற்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

அவசரப்படாமல் இருப்பது நடைமுறையில் சாத்தியமே என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சிங்கப்பூரிலேயே உண்டு. 2024 செப்டம்பர் 25 அன்று கிழக்கு–மேற்குத் தடத்தில் ஒரு பழைய ரயிலின் சக்கர அச்சின் முனையைத் தாங்கும் அச்சுப்பெட்டி கழன்று விழ, தடம் மாறிய சக்கரங்கள் சுமார் இரண்டரை கிலோமீட்டர் தொலைவுக்குத் தண்டவாளத்தையும் பாயிண்ட் இயந்திரங்களையும் சேதப்படுத்தின. கிளெமென்டி நிலையத்தை உள்ளடக்கிய அந்தப் பகுதியில் நாள்கணக்கில் ரயில் ஓடவில்லை. மாற்றுப் பேருந்துகள் ஓடின. அந்தத் தடத்தை நம்பியிருந்த லட்சக்கணக்கானவர்களின் சிரமம் சாதாரணமானதன்று. பழுதுபார்ப்பு முடிந்து சேவை தொடங்கும் நாளும் எதிர்பார்க்கப்பட்டிருந்த நிலையில், திறப்பதற்கு முன் எடை ஏற்றிய ரயிலை ஓட்டிப் பார்த்த சோதனையில் தண்டவாளத்தில் புதிய விரிசல்கள் தெரியவந்தன. சேவை மேலும் தள்ளிவைக்கப்பட்டது; அதற்கான காரணம் மக்களிடம் சொல்லப்பட்டது; அக்டோபர் 1 அன்றுதான் முழுச் சேவை திரும்பியது. அந்தக் கோளாறு ஏற்பட்டதற்கான பொறுப்பு வேறு, அதைப் பற்றிய விசாரணை வேறு. ஆனால் சோதனையில் விரிசல் கண்டபோது திறப்பைத் தள்ளிவைத்த அந்த முடிவு, எல்லா நிர்வாகங்களும் எடுக்கத் துணிய வேண்டிய முடிவு. அந்த ஓட்டத்தைச் சுருக்கியிருந்தால் பயணிகளுக்கு ஒரு நாள் முன்னதாகவே ரயில் கிடைத்திருக்கும், விரிசல்களின் மீது.

இறுதியாக, பழுது சரியான பிறகு நடக்க வேண்டியது. ரயில் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் மறந்துவிடுகிறோம்; பயணிகளும்தான். அந்த மறதியே அடுத்த பழுதுக்கு இடம் தருகிறது. ஒரு பாயிண்ட் ஒரே ஆண்டில் பலமுறை பழுதானால் அதை ஒவ்வொரு முறையும் தனித்தனி நிகழ்வாக முடித்துவைப்பது சரியன்று. அதன் அடியில் நீர் தேங்குகிறதா, ஜல்லி தாழ்ந்திருக்கிறதா, மோட்டார் தன் ஆயுளைக் கடந்துவிட்டதா என்று யாரேனும் பார்க்க வேண்டும். மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் அளவைத் தொடர்ந்து பதிவுசெய்து, பழுதாவதற்கு முன்பே அது திணறுவதைக் கண்டறியும் கண்காணிப்புக் கருவிகள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கிப் பொருத்துவது எளிது. அவை தரும் எச்சரிக்கையைப் படித்து, உரிய நேரத்தில் ஆளை அனுப்பப் போதிய பணியாளர்களை வைத்திருப்பதுதான் கடினம். ஃபோர்ட் டாட்டனில் எச்சரிக்கைக்குப் பஞ்சமிருக்கவில்லை.

எனவே உங்களிடம் நான் எதிர்பார்க்கும் முதல் நடவடிக்கை மிகச் சிறியது. ரயில்களை நெடுநேரம் நிறுத்திய ஒவ்வொரு பாதைக் கருவிப் பழுதுக்கும், ஒரு மாத காலத்துக்குள் ஒரு பக்க அறிக்கை ஒன்றைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். எது பழுதானது, ஏன், அதே இடத்தில் முன்பு எத்தனை முறை பழுதானது, கடைசியாக அது எப்போது சோதிக்கப்பட்டது, பழுது பார்த்த பின் எந்தப் பதவியில் இருப்பவர் அதைச் சரிபார்த்தார், இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்பவை அதில் இருக்கட்டும். பணியாளரின் பெயர் வேண்டாம். எவரையும் மாட்டிவிடுவதற்காக நான் இதைக் கேட்கவில்லை. கூடவே, பழுது பார்க்கும் நேரத்தில் பணியாளரோடு பேசும் பொறுப்பை ஒரே ஓர் அலுவலரிடம் ஒப்படைத்து, மற்றவர்கள் எவரும் அவரை அழைக்கக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவிடுங்கள். அந்த உத்தரவில் காரணம் எழுத வேண்டியிருந்தால், பயணிகளே கேட்டுக்கொண்டார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அன்றாடம் ரயிலில் சென்றுவரும் பயணி ஒருவர்